மீட்டிங்கில் எடுக்கும் முடிவு கோடவுன் தரைக்கு இறங்க மாட்டேன் என்கிறதே, என்ன செய்வது?

ரேக்_ஏழு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் ஆபரேஷன்ஸ் பார்க்கிறேன். கிடங்கை நடத்துவது நாங்கள், சரக்கு கிளையண்டுடையது. மாதா மாதம் கிளையண்ட் வந்து ரிவ்யூ வைப்பார்கள். மீட்டிங் நன்றாகத்தான் போகும். எடுக்கும் முடிவுகளும் நியாயமானவைதான், யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. மறுநாள் மினிட்ஸ் மெயிலில் வரும். அடுத்த மாதம் அதே முடிவு, அதே வரி, தேதி மட்டும் மாறி மறுபடி வரும்.

உதாரணத்துக்கு ஒன்று. பிரேக் பேட், ஆயில் ஃபில்டர் மாதிரி தினமும் ஓடும் ஐட்டங்களை வண்டி ஏற்றும் டிஸ்பாட்ச் டாக்குக்குப் பக்கத்து வரிசைகளில், கைக்கு எட்டும் மட்டத்தில் வைக்க வேண்டும் என்று முடிவானது. இப்போது அவற்றில் பல கடைசி வரிசைகளில் கிடக்கின்றன, பிக்கிங் பையன்கள் (ஆர்டருக்குச் சரக்கு எடுப்பவர்கள்) நாள் முழுக்க நடக்கிறார்கள். டே ஷிஃப்டில் ஆள் போட்டு இரண்டு வரிசை நகர்த்தினோம். இரவு லாரி வந்து இறங்கிய புதுச் சரக்கை நைட் ஷிஃப்ட் ஆட்கள், சிஸ்டம் காட்டிய பழைய பின்னிலேயே (ரேக்கில் எண் போட்ட இடம்) கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஒரே பார்ட் நம்பர் இரண்டு இடத்தில். பிக் லிஸ்ட் காட்டும் இடத்தில் சரக்கு இல்லை என்றதும் பையன்கள் 'ஷார்ட்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். கோடவுனுக்குள் சரக்கு இருக்கிறது, கிளையண்டுக்கு இல்லை என்று போகிறது. பழையபடியே விட்டிருந்தால் நடைதான் அதிகம், சரக்காவது கிடைத்திருக்கும் என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்.

கார்ட்டன் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்துதான் வண்டியில் ஏற்ற வேண்டும் என்ற முடிவுக்கும், இரவு எட்டுக்கு மேல் புது இன்வாய்ஸ் எடுப்பதில்லை என்ற முடிவுக்கும் இதே கதிதான். உங்கள் இடங்களில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?


டாக்_மூன்று

மினிட்ஸை எடுத்துப் பாருங்கள். 'பொறுப்பு' என்ற கட்டத்தில் 'ஆபரேஷன்ஸ் டீம்' என்று இருக்கும். 'தேதி' என்ற கட்டத்தில் 'ஆன்கோயிங்' என்று இருக்கும். பந்தயம் கட்டட்டுமா?


ரேக்_ஏழு

பாதிப் பந்தயம் ஜெயித்தீர்கள் சார். தேதியில் 'ஏஎஸ்ஏபி' என்று போட்டிருக்கிறது.


பின்கார்டு

தம்பி, கோவையில் ஒரு கிடங்கில் இன்வென்டரி கண்ட்ரோல் என் பொறுப்பு. சரக்கை இடம் மாற்றும் விஷயத்தை மட்டும் எடுத்துப் பேசுகிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரே வேலை மாதிரித் தெரியும். உள்ளே மூன்று பேர் சம்பந்தப்பட்டது. சிஸ்டத்தில் அந்தப் பார்ட்டுக்கு ஒதுக்கிய பின்னை மாற்ற ஒருவர். சரக்கைத் தூக்கி வைக்க ஒருவர். பழைய இடத்தில் ஒட்டியிருக்கும் பார்ட் லேபிளை உரிக்க ஒருவர். உங்கள் மீட்டிங்கில் நடுவில் இருப்பதை மட்டும் முடிவு செய்திருக்கிறீர்கள். நைட் ஷிஃப்ட் ஆட்கள் மேல் தப்பே இல்லை. ஸ்கேனர் என்ன சொன்னதோ அதைச் செய்திருக்கிறார்கள். அவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும் என்றுதானே ஸ்கேனரையே வாங்கிக் கொடுத்தோம்?

எங்கள் இடத்தில் இதைச் செய்யும் விதம் இது. ஞாயிற்றுக்கிழமை காலை, சரக்கு இறக்கும் இன்வேர்டு வண்டி இல்லாத நேரம். ஒரு தடவைக்கு ஒரு வரிசை மட்டும். முந்தின நாள் இரவே அந்த வரிசையின் பின்களையும், சரக்கு போய்ச் சேர வேண்டிய பின்களையும் சிஸ்டத்தில் லாக் செய்துவிடுவோம். அங்கிருந்து எடுக்கும் பிக்கும் விழாது, அங்கே வைக்கும் புட்அவேயும் விழாது. காலையில் முதலில் எண்ணுவோம். எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் தூக்குவது. ஒத்துப்போகாத பின்னை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புது இடத்தில் வைத்த உடனே அங்கேயே நின்று பின் மாற்ற ஸ்கேன். அப்புறம் பழைய இடத்துப் பார்ட் லேபிளை உரித்து ஒரு வெள்ளைத்தாளில் ஒட்டி என் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். 'முடிஞ்சுது மேடம்' என்ற பேச்சை நான் வாங்கிக்கொள்வதில்லை, அந்தத் தாளைத்தான் வாங்கிக்கொள்வேன். லேபிள் வந்தால் வேலை முடிந்தது. தாள் நிறைந்ததும் மதியத்துக்குள் லாக்கை எடுத்துவிடுவோம்.

பாதி நகர்த்துவது நகர்த்தாமல் இருப்பதைவிட மோசம். உங்கள் சூப்பர்வைசர் சொன்னது சரி.

இன்னொரு சந்தேகம். எவை முக்கிய ஐட்டங்கள் என்று கிளையண்ட் கொடுத்திருக்கும் 'ஏ' வகுப்புப் பட்டியல் எதை வைத்துப் போட்டது? பண மதிப்பை வைத்தா, எத்தனை முறை பிக் ஆகிறது என்பதை வைத்தா? ஃபைனான்ஸ் ஆட்கள் போட்டால் மதிப்பை வைத்துத்தான் போடுவார்கள். ஸ்டாக் எண்ணுவதற்கு அது சரி. இடம் ஒதுக்க உதவாது. விலை அதிகமான கியர்பாக்ஸ் மாதம் இரண்டு முறை போகும், பத்து ரூபாய் வாஷர் ஒரு நாளைக்கு முப்பது பிக் லிஸ்டில் வரும். டாக்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது வாஷர்தான்.


ரேக்_ஏழு

அக்கா, இப்போதுதான் அந்த எக்ஸெல்லைத் திறந்து பார்த்தேன். மதிப்பு வரிசைதான். டர்போசார்ஜர் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இதை வைத்துத்தான் எல்லோரும் இவ்வளவு நாள் பேசிக்கொண்டிருந்தோம்!

லாக் செய்வதிலும் ஒரு சிக்கல். எந்தப் பார்ட்டுக்கு எந்த பின் என்று சிஸ்டத்தில் இருக்கும் பின் மாஸ்டரைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. தலைமையகத்து ஐடிக்கு டிக்கெட் போட வேண்டும். அவர்கள் கிளையண்டின் ஒப்புதல் மெயில் கேட்பார்கள். ஒப்புதல் தர வேண்டியவர் அதே மீட்டிங்கில் உட்கார்ந்து தலையாட்டியவர்தான், ஆனால் மெயில் போட மாட்டார்.


டாக்_மூன்று

அப்படியானால் அது இன்னும் முடிவே ஆகவில்லை. அடுத்த முறை மீட்டிங் அறையை விட்டு அவர் எழுந்திருக்கும் முன்பு லேப்டாப்பைத் திறந்து அந்த மெயிலை அனுப்பச் சொல்லுங்கள். டீ ஆறினாலும் பரவாயில்லை.


ஹேண்ட்பேலட்

ஸ்கேன் விஷயத்துக்கு நான் வருகிறேன். லோட்மேனாக ஆரம்பித்து இப்போது சூப்பர்வைசராக இருக்கிறேன், செங்குன்றம் பக்கம்.

முதலில் இதைச் சொல்லுங்கள். உங்கள் லோட்மேன்களுக்கு நாள் கூலியா, பெட்டிக் கூலியா? பெட்டிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவனுக்கு ஸ்கேனர் 'பீப்' என்று சொல்வதற்காக நிற்கும் ஒவ்வொரு நொடியும் அவன் பையிலிருந்து போகிறது. ஏற்றும்போது பார்த்திருப்பீர்கள். டாக்கிலிருந்து வண்டிக்குள் வரை வரிசையாக நின்று கைமாற்றுவார்கள், பெட்டி தரையையே தொடாது. அதில் ஒரு வேகம் பிடித்துவிட்டால் பாட்டுக்கூட வரும். ஸ்கேன் என்று வந்தால் ஒவ்வொரு பெட்டியும் ஒருவன் கையில் நின்று, லேபிள் எந்தப் பக்கம் என்று திரும்பி, அப்புறம்தான் நகர வேண்டும். வண்டி முடிய முன்பைவிட அதிக நேரம் ஆகும். கூலி அதே கூலி. ஒரு நாளைக்கு மூன்று வண்டி ஏற்றுகிற கேங் இரண்டுதான் ஏற்றும்.

அவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? மேலே இருக்கும் ஒரே பெட்டியை, அந்தப் பேலட்டில் எத்தனை பெட்டி உண்டோ அத்தனை முறை ஸ்கேன் அடிப்பார்கள். லேபிளில் பார்ட் பார்கோடு மட்டும் இருந்து பெட்டிக்குத் தனி சீரியல் இல்லை என்றால் சிஸ்டம் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். ரிப்போர்ட்டில் நூறு சதவீதம் ஸ்கேன் ஆகியிருக்கும். கிளையண்ட் கைதட்டுவார். இந்தப் பக்கம் ஷார்ட்டேஜ் கிளெய்ம் வந்துகொண்டே இருக்கும்.

இதற்கு வழி இரண்டுதான். ஒன்று, கூலி ரேட்டில் ஸ்கேன் நேரத்தைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஸ்கேனை லோடிங்கிலிருந்து எடுத்து முன்னால் கொண்டுபோக வேண்டும். பேக்கிங் மேஜையிலேயே பெட்டிகளை ஸ்கேன் செய்து பேலட் கட்டி, பேலட்டுக்கு ஒரு சீரியல் லேபிள் அடித்துவிட்டால் டாக்கில் ஒரே ஒரு பீப் போதும். பேக்கிங் ஆட்களுக்கு மாதச் சம்பளம், அவர்களுக்கு அவசரம் இல்லை.

இதை உங்கள் மீட்டிங்கில் யாரும் சொல்லவில்லை என்றால், சொல்லத் தெரிந்தவன் அந்த அறையில் இல்லை என்று அர்த்தம். லேபர் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டீர்களா? கேங் மேஸ்திரியை? சுமைத் தொழிலாளர்களுக்கும் சேர்த்து 1982லேயே தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தாயிற்று. மீட்டிங் அறையில் நாற்காலிதான் இன்னும் வரவில்லை.


கேபிஐ

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எல்லா முடிவுக்கும் தரையில் இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் கிடங்கு நடக்காது. சில முடிவுகள் மேலிருந்துதான் வரும், செய்துதான் ஆக வேண்டும். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது. மத்திய விற்பனை வரியைத் தவிர்க்க மாநிலத்துக்கு ஒரு டெப்போ வைத்திருந்த கம்பெனிகள் எல்லாம் சின்னச் சின்ன கோடவுன்களை மூடிப் பெரிய மையங்களுக்குப் போக ஆரம்பித்தன. 2018 ஏப்ரல் 1இல், வண்டியில் போகும் சரக்குக்கு ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் கட்டாயமானது. யாராவது லோட்மேனைக் கேட்டார்களா? எல்லோரும் செய்யவில்லையா? நடத்த வேண்டும் என்ற உறுதி மேலே இருந்தால் நடக்கும். இல்லாத இடத்தில்தான் இப்படிக் காரணம் தேடுவோம். பொறுப்பாளர் பெயர், தேதி, வாரா வாரம் டாஷ்போர்டு, நடக்கவில்லை என்றால் எஸ்கலேஷன். இதைத் தாண்டி மந்திரம் ஒன்றும் இல்லை.


ஹேண்ட்பேலட்

டாஷ்போர்டில் நூறு சதவீதம் காட்டும் என்றுதானே சார் மேலே எழுதியிருக்கிறேன். படித்தீர்களா?


பின்கார்டு

கேபிஐ சார், இ-வே பில்லை நீங்கள் எடுத்தது நல்லதாகப் போயிற்று. அது எப்படி வந்தது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். முதலில் 2018 பிப்ரவரி 1 என்றுதான் அறிவித்தார்கள். அன்றைக்கே போர்ட்டல் திணறி நின்றது, தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 1இல் வந்ததும் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மட்டும்தான். மாநிலத்துக்குள் ஓடும் சரக்குக்குச் சில சில மாநிலங்களாகச் சேர்த்து ஜூன் வரை இழுத்தது. ஒரே கையெழுத்தில் நடந்துவிடவில்லை. முதல் நாள் சரிந்ததைப் பார்த்து, அளவைக் குறைத்து, பகுதி பகுதியாகக் கொண்டுவந்தார்கள்.

அப்புறம் அது நிலைத்ததற்குக் காரணம் உறுதி மட்டும் இல்லை. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு ஏற்றிய வண்டி பில் இல்லாமல் போனால் வழியில் பிடித்து நிறுத்துவார்கள். டிரைவரே "பில் நம்பர் கொடுங்க, இல்லாட்டி எடுக்க மாட்டேன்" என்பார். நாமும் கேட் பாஸில் அந்த நம்பருக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டோம், நம்பர் இல்லாமல் செக்யூரிட்டி கேட்டைத் திறப்பதில்லை. செய்யாவிட்டால் வேலை தானாக நின்றுவிடும் இடத்தில் அந்த முடிவை மாட்டிவைத்தார்கள். தம்பியின் ஸ்கேன் முடிவை மீறினால் எங்கே நிற்கிறது? எங்கேயும் நிற்கவில்லை. வண்டி கிளம்பிப் போய்விடுகிறது. ஒரு மாதம் கழித்து மீட்டிங்கில்தான் நிற்கிறது.


கேபிஐ

கேட்டில் மாட்ட வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதை மாட்டச் சொல்வதும் மேலே இருப்பவர்தானே மேடம். ஒழுங்கு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது.


பேலியகொடை

வணக்கம் எல்லோருக்கும். நான் கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். இஞ்சத்தைய அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துமோ தெரியாது.

2022ஆம் ஆண்டு எங்கள் நாட்டில் டீசல் இல்லை, கரண்ட் இல்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போனது. எங்களிடம் இருந்தது பற்றரி ஃபோர்க்லிஃப்ட். சார்ஜ் ஏற்றக் கிடைக்கிற நேரம் எது என்று மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் கொள்கலன் இறக்குகிற நேரத்தையே முடிவெடுத்தோம். ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தது, வாகனத்துக்கு இவ்வளவு லீற்றர்தான் என்று.

அதற்கு முன்னர் எங்கள் முகாமையாளர் கிழமைக்கு ஒருக்கா கூட்டம் வைப்பார், ஸ்லைட் எல்லாம் போடுவார். அந்த நாட்களில் அது தானாக நின்றுபோனது. காலமை ஏழு மணிக்கு டாக்கில் நின்றபடியே ஐந்து பேர் கதைப்போம். எந்த லொறியில் எவ்வளவு டீசல், பற்றரி எவ்வளவு, இன்றைக்கு எந்தக் கடைக்குப் போகிறது, எது போகாது. போகாததை வெள்ளைப் பலகையில் சிவப்பால் எழுதுவோம். முன்னர் 'எல்லாம் போக வேண்டும்' என்றுதான் முடிவெடுப்போம், பின்னேரம் பார்த்தால் பாதிதான் போயிருக்கும். இல்லாத காலத்தில்தான் எதைச் செய்யப் போவதில்லை என்று வாய்விட்டுச் சொல்லப் பழகினோம். செய்யப் போவதில்லை என்று எழுதினதை வெட்டிவிட்டபடியால் மிச்சம் எழுதினது எல்லாம் நடந்தது.

இப்ப டீசல் தாராளம், கூட்டமும் திரும்பி வந்துவிட்டது, ஸ்லைட்டும் வந்துவிட்டது. காலமைப் பலகையை மட்டும் நாங்கள் விடவில்லை. அதில் எழுதுகிறது தமிழிலும் சிங்களத்திலும். மினிட்ஸ் ஆங்கிலத்தில் போகிறது, அதைத் தரையில் ஒருத்தரும் வாசிக்கிறதில்லை.


ரேக்_ஏழு

மொழி விஷயம் எங்களுக்கும் பெரிய தலைவலி அண்ணா. பிக்கிங்கில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். சூப்பர்வைசருக்குத் தமிழ், மினிட்ஸ் ஆங்கிலம்.


டாக்_மூன்று

அதற்கு நிறமும் எண்ணும் போதும். 'ஃபாஸ்ட் மூவிங் ஏரியா' என்று போர்டு எழுதாதீர்கள், வரிசைக்கு மஞ்சள் பட்டை அடித்துவிடுங்கள். 'மஞ்சள்' என்ற ஒரு சொல்லை எல்லோரும் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள்.


சிவப்பு_லேபிள்

பலசரக்கு ஆன்லைன் டெலிவரிக்கான கிடங்கில் இருக்கிறேன். முடிவைச் சிஸ்டத்துக்குள்ளேயே போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்காக இது.

உணவுப் பொருளை வாடிக்கையாளர் கையில் கொடுக்கும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமாவது, இல்லையென்றால் காலாவதிக்கு 45 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 கடைசியில் ஆன்லைன் வியாபாரிகளுக்குச் சொன்னது. எங்கள் தலைமையகம் வேகமாக முடிவெடுத்தது. அந்த வரம்பைத் தாண்டிய சரக்கு இரவு பன்னிரண்டு மணிக்குச் சிஸ்டத்தில் தானாக பிளாக் ஆகிவிடும், காலையில் பிக்குக்கு வராது. பேப்பரில் அருமையான ஏற்பாடு. யாரையும் நம்ப வேண்டியதில்லை, ஒழுங்கு தேவையில்லை, எஸ்கலேஷன் தேவையில்லை.

பிளாக் ஆன சரக்கு எங்கே போகும் என்று மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை. பின்னில் இருந்தால் அந்த பின் முழுதாக வீணாகிறது, புதுச் சரக்கு வைக்க இடம் இல்லை. எனவே எடுத்து நடைபாதையில் வைத்தார்கள். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றால் வாங்கும் பிரிவு கடிதம் தர வேண்டும். வராது. தள்ளுபடியில் விற்க வேண்டும் என்றால் விலைப் பிரிவு மாற்ற வேண்டும். மாற்றாது. சரக்கு குவிந்துகொண்டே போயிற்று, பிஸ்கட் மேல் நூடுல்ஸ், நூடுல்ஸ் மேல் சாஸ் பாட்டில். ஃபயர் எக்ஸ்டிங்குஷர் மறைந்துபோனது. கடைசியில் ஒரு ஷிஃப்ட் லீட், அனுமதி இருந்ததால், பிளாக்கை எடுத்துவிட ஆரம்பித்தார். அவரைத் திட்டினார்கள். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. நடைபாதையை விட வேண்டும், பிக் நேரத்தைப் பிடிக்க வேண்டும், அவருக்கு அந்த ஒரு பட்டன்தான் கையில் இருந்தது.

பிறகு சரியானது எப்படி என்றால், பிளாக் ஏரியா என்று கம்பி வலை போட்டு ஒரு சின்ன இடம் ஒதுக்கினார்கள். வேண்டுமென்றே சின்னதாக, ஆறு பேலட்டுக்கு மேல் கொள்ளாது. அது நிறைந்தால் அடுத்த இன்வேர்டு வண்டியை இறக்குவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ஒரு முறை வண்டி வெளியே நின்று, லாரிக்காரர் ஹால்டிங் சார்ஜ் கேட்டதும் வாங்கும் பிரிவிலிருந்து கடிதம் அன்றைக்கே வந்துவிட்டது. வலி போய்ச் சேர வேண்டிய மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.


டெல்டா_அட்டி

நாங்கள் ஸ்கேனர் இல்லாத உலகம். நெல், அரிசி, மூட்டைக் கோடவுன். 1965இல் இந்திய உணவுக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் எங்கள் தஞ்சாவூரில்தான் வந்தது, ஆகவே இந்த விஷயத்தில் நாங்களும் கொஞ்சம் பேசலாம் :)

மூட்டைக் கிடங்கில் எல்லோரும் எடுக்கும் முடிவு, முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது. எல்லாச் சுவரிலும் எழுதியிருக்கும். ஆனால் அட்டி போடும்போதே, அதாவது மூட்டைகளை அடுக்கும்போதே, அது செத்துப்போகும். கதவுக்கு எதிரே இடம் காலியாக இருந்தால் வந்த லோடை அங்கேயே அட்டி போட்டுவிடுவார்கள், ஏனென்றால் தூக்குகிறவருக்கு நடை குறைவு. பழைய அட்டி சுவரோரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஆர்டர் வரும்போது பழசை எடு என்றால் எப்படி எடுப்பது? முன்னால் இருக்கும் அட்டியை முழுக்கக் கலைக்க வேண்டும். அதற்குக் கூலி யார் தருவார்?

முதலில் வந்ததை முதலில் அனுப்புவது என்பதை வண்டி வெளியே போகும் நாளில் முடிவு செய்ய முடியாது. சரக்கு உள்ளே வரும் நாளில் நடுவழியும் சுவரோர வழியும் விட்டு அட்டி போட்டிருந்தால்தான் உண்டு. தரையில் சுண்ணாம்பால் கோடு இழுத்து, கோட்டுக்கு வெளியே மூட்டை வந்தால் கூலிச் சீட்டில் கையெழுத்து இல்லை என்று ஒரு கோடவுன் பொறுப்பாளர் இருந்தார். அவர் இருந்த வரைக்கும் வழி இருந்தது. மாற்றலாகிப் போன மாதமே கோடு மறைந்துவிட்டது.


கேபிஐ

பாருங்கள், ஒரு ஆள் உறுதியாக இருந்தார், நடந்தது. நான் சொன்னதும் இதுதான்.


ஹேண்ட்பேலட்

அந்த ஆள் போனதும் நின்றுவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்கலாமே.


நெறியாளர்

இருவரும் ஒருவரை ஒருவர் சீண்டாமல் விஷயத்தைப் பேசுங்கள். நல்ல இழை, பூட்ட மனமில்லை.


சாக்பீஸ்

ஓசூரிலிருந்து. இரவு எட்டு மணி இன்வாய்ஸ் விஷயம் யாரும் தொடவில்லை, அதனால் வருகிறேன்.

எங்கள் தொழிலில் மாதக் கடைசி வாரம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். முதல் மூன்று வாரம் ஈ ஓட்டிவிட்டு, டார்கெட்டுக்காக சேல்ஸ் ஆட்கள் கடைசி நாட்களில் கொட்டுவார்கள். முப்பதாம் தேதி இரவு பத்து மணிக்கு ரீஜினல் மேனேஜர் ஃபோன் செய்து "ஒரே ஒரு பில்" என்பார். அந்த ஒரு பில்லுக்குப் பின்னால் இருபது பில் வரிசையில் நிற்கும். 'எட்டுக்கு மேல் இல்லை' என்ற முடிவை மீறியது கிடங்கு ஆட்கள் இல்லை, அதே மீட்டிங்கில் சரி என்று சொன்னவர்கள்தான்.

நாங்கள் அந்த விதியை இறுக்கிப் பார்க்கவில்லை, மீறுவதற்கே ஒரு வழி வைத்தோம். எட்டுக்கு மேல் பில் எடுக்க வேண்டுமா, எடுக்கலாம். சேல்ஸ் ஹெட் ஒருவர் மட்டும், அவர் பெயரில், காரணம் எழுதி மெயில் போட வேண்டும். அந்த இரவுக்கான ஓவர்டைமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் சேல்ஸ் பட்ஜெட்டில் போகும். கேட்பது நிற்கவில்லை, ஆனால் 'ஒரே ஒரு பில்' உண்மையிலேயே ஒரே ஒரு பில்லாக ஆனது. விதிவிலக்குக்கு வழி சொல்லாத முடிவு முதல் மாதக் கடைசியிலேயே உடைந்துபோகும், அப்புறம் அதை ஒட்டவைக்க முடியாது.

இன்னொன்று ஷிஃப்ட் மாறும் நேரம். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு இன்ஜினியர்களை அதற்குள் மணிக்கணக்கில் நிற்கவைத்துப் பார்க்கச் சொல்வார் என்று தொழிற்சாலைப் பயிற்சிகளில் சொல்வார்கள். என் பெயரும் அங்கிருந்து எடுத்ததுதான். உங்கள் மேனேஜரை அப்படி ஷிஃப்ட் மாறும் அந்தப் பதினைந்து நிமிடம் டாக்கில் நிற்கச் சொல்லுங்கள். போகிறவர் பையைத் தோளில் மாட்டியபடி "எல்லாம் நார்மல்" என்பார், வருகிறவர் தலையாட்டுவார். சரக்கை இடம் மாற்றும் உங்கள் ரீ-ஸ்லாட்டிங் முடிவு செத்துப்போன இடம் அதுதான். எங்களிடம் ஹேண்டோவர் நோட்டில் முதல் வரி "இன்றைக்கு என்ன மாறியது" என்பது. ஒன்றும் மாறவில்லை என்றாலும் 'இல்லை' என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டைப் அடித்தால் நேற்றையதை ஒட்டிவிடுகிறார்கள்.


ரேக்_ஏழு

எல்லோருக்கும் நன்றி. இந்த ரிவ்யூவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மொத்தம் பன்னிரண்டு பெண்டிங் முடிவுகள் இருந்தன. கொழும்பு அண்ணா சொன்னபடி எதைச் செய்யப் போவதில்லை என்று முதலில் கேட்டேன். ஒரே நிமிடம் அமைதி, அப்புறம் கிளையண்டே ஐந்தை வெட்டினார். சிலது ஏன் வந்தது என்று அவருக்கே ஞாபகம் இல்லை. இரண்டை மட்டும் இந்த மாதத்துக்கு வைத்துக்கொண்டோம், மீதி அடுத்த காலாண்டுக்கு.

ஏ பட்டியலை பிக் எண்ணிக்கை வைத்து மறுபடி போடச் சொல்லிவிட்டேன். பின் மாஸ்டர் ஒப்புதல் மெயிலை அறையிலேயே அனுப்பவைத்தோம், டாக்_மூன்று சாருக்கு இதில் பங்கு உண்டு. அக்கா சொன்ன முறையில் ஞாயிறுதோறும் ஒரு வரிசை, இன்வென்டரி பையன் ஒருவன் பெயரில். கேங் மேஸ்திரியை ஸ்கேன் பற்றிப் பேசும்போது மட்டும் உள்ளே கூப்பிட்டோம். அவர் சொன்ன முதல் விஷயம், டாக் நான்கில் லைட் எரியவில்லை, இரவில் லேபிளே கண்ணுக்குத் தெரியாது என்பது! பேலட் லேபிள் முறைக்கு மாற ஒப்புக்கொண்டார்கள், பிரிண்டர் வாங்க ஒப்புதல் வர வேண்டும். எட்டு மணி விஷயத்தில் சேல்ஸ் இன்னும் மசியவில்லை. செலவை அவர்கள் பக்கம் போடலாம் என்றதும் பேச்சையே மாற்றிவிட்டார்கள்.

அக்கா, ஒரு கேள்வி. பின் லேபிள் எல்லாம் ஒரு வெயில் காலத்திலேயே வெளுத்துப்போகிறது, ஸ்கேனர் படிப்பதில்லை. என்ன லேபிள் போடுகிறீர்கள்?


பின்கார்டு

நீங்கள் போட்டிருப்பது டைரக்ட் தெர்மல், ரிப்பன் இல்லாமல் சூட்டிலேயே எழுத்து வரும் பேப்பர். கூரியர் லேபிளுக்கும் பில்லுக்கும்தான் அது சரி. தகரக் கூரைக்குக் கீழே நிற்காது. நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அதுதான். ரிப்பன் போட்டு அடிக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் வாங்குங்கள், பேப்பர் வேண்டாம், பாலியெஸ்டர் லேபிளும் ரெசின் ரிப்பனும். விலை கூடத்தான், ஆனால் பீமில் (ரேக்கின் குறுக்குச் சட்டம்) ஒட்டினால் வருடக்கணக்கில் இருக்கும். ஒட்டும் முன் பீமைத் துணியால் துடைத்து எண்ணெய்ப் பசை எடுக்கச் சொல்லுங்கள். மேல் மட்டங்களுக்கு ரீச் டிரக் டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஸ்கேன் செய்வதாக இருந்தால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரெட்ரோ ரிஃப்ளெக்டிவ் லேபிள் வேண்டும், சாதா லேபிள் அவ்வளவு தூரத்துக்குப் படிக்காது. மேல் பின்னுக்கா கீழ் பின்னுக்கா என்று குழப்பம் வராமல் லேபிளிலேயே அம்புக்குறி அடித்துவிடுங்கள்.


ஹேண்ட்பேலட்

அம்புக்குறி முக்கியம். அப்புறம் அந்த டாக் நான்கு லைட்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள் தம்பி, அதற்கு மீட்டிங் வேண்டாம்.